நீலி ஜெயித்துவிட்டாள்; நம் எல்லைச்சாமிகளை எப்போது எழுதப்போகிறீர்கள்?

சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் அறை எடுத்துத் தங்கி, பகலெல்லாம் யாரோ ஒருவர் படத்துக்கு ஓடியாடி வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் சொந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கும் உதவி இயக்குநர்களுக்கு, பெண்ணாடத்திலிருந்து வணக்கம்.

உங்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலேறிப் போனவர்கள், திட்டக்குடியிலிருந்து பஸ் பிடித்துப் போனவர்கள். அதனால் தம்பி, தங்கச்சி என்று உரிமையோடு கூப்பிட்டே எழுதுகிறேன். ஒரே ஒரு படத்தைப் பற்றியும், அந்தப் படம் நமக்குக் காட்டிக்கொடுத்த ஒரு வழியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 ஓணத்துக்கு மலையாளத்தில் ‘லோகா: சாப்டர் 1 சந்திரா’ வந்தது. ஆகஸ்ட் 28. அதே நாளில் மோகன்லாலும் சத்யன் அந்திக்காடும் சேர்ந்த ‘ஹிருதயபூர்வம்’ வெளியானது. பண்டிகைக் கூட்டம் எந்தப் பக்கம் போகும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். இந்தப் பக்கம் இருந்தது கல்யாணி பிரியதர்ஷனை நம்பி எடுத்த சூப்பர்ஹீரோ படம். செலவு சுமார் 30 கோடி என்றார்கள். கதாநாயகியை மையமாக வைத்த மலையாளப் படத்துக்கு அது பெரிய பணம். இயக்குநர் டொமினிக் அருணுக்கு இது இரண்டாவது படம். முதல் படமான ‘தரங்கம்’ 2017இல் வந்தது. அதைத் தயாரித்தது நம் தனுஷின் வுண்டர்பார். அது ஓடவில்லை. அடுத்த படத்துக்கு எட்டு வருஷம் ஆயிற்று. ‘லோகா’வை வாங்க ஆளில்லை, நஷ்டம் வரும் என்றுதான் நினைத்திருந்தோம் என்று தயாரிப்பாளர் துல்கர் சல்மானே பிறகு பேட்டியில் சொன்னார்.

படம் 300 கோடியைத் தாண்டி வசூலித்தது. அதுவரை வந்த மலையாளப் படங்களிலேயே அதிக வசூல்.

வசூலுக்காக இதை எழுதவில்லை. உங்கள் கதையைக் கேட்க உட்காரும் தயாரிப்பாளர் அந்த எண்ணைத்தான் முதலில் சொல்வார், அதனால் சொல்லி வைத்தேன். என் அக்கறை வேறு. பல நாயகர்களை ஒரே உலகத்தில் சேர்க்கிற படம் என்றால் அது அமெரிக்காக்காரன் சமாசாரம், நமக்கு வராது, வந்தாலும் சிரிப்பாகிவிடும் என்ற எண்ணம் நம் ஆட்களிடம் வேரோடிக் கிடந்தது. அந்த எண்ணத்தை ‘லோகா’ உடைத்துப் போட்டது. எப்படி உடைத்தது என்பதை நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அடுத்த இரண்டு வருஷத்துக்கு, ‘லோகா மாதிரி ஒண்ணு இருக்கா?’ என்று கேட்கிற ஆட்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். ‘மாதிரி’ எழுதினால் கெட்டுப் போகும்.

இந்த வகைப் படத்துக்கு உலகமே உதாரணம் காட்டுவது 2012இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்’. அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, ஏப்ரல் 27 அன்று, இந்தியாவுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் ஐந்து படங்கள்: 2008இல் ‘அயர்ன் மேன்’, ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’, 2010இல் ‘அயர்ன் மேன் 2’, 2011இல் ‘தோர்’, ‘கேப்டன் அமெரிக்கா’. நாலு வருஷம் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்திவிட்டுப் பிறகு ஒரே சட்டகத்தில் நிறுத்தினார்கள். அப்போதும் இத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்ல முடியும் என்ற சந்தேகம் இருந்தது. படம் நன்றாக அமைந்ததற்குக் காரணம் கடைசிச் சண்டை இல்லை. கூட்டணியில் சேர்ந்த ஆறு பேரில் பலருக்கு ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை. அதை எழுதியவர்கள் ஒளிக்கவில்லை. 2025 மே மாதம் வந்த ‘தண்டர்போல்ட்ஸ்’ படமும் அப்படித்தான். மற்ற படங்களில் இரண்டாம் வரிசையில் நின்றவர்கள், கையில் கறை படிந்தவர்கள், ஒரு கூட்டணி. யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. கடைசியில் அவர்கள் எதிர்கொள்வது ஒரு மனிதனுக்குள் இருக்கிற வெறுமை. அடித்து வீழ்த்த முடியாமல் கட்டிப்பிடித்துத்தான் அவனை மீட்கிறார்கள். வசூல் சுமார்தான். ஆனாலும் பார்த்தவர்களுக்கு மனதில் நின்றது.

ஆக, கூட்டணிப் படத்தின் உயிர் சக்தியில் இல்லை. சக்தி வந்த வழியில் இருக்கிறது. எந்தக் காயத்திலிருந்து வந்தது, அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதில் இருக்கிறது.

‘லோகா’வில் சந்திரா என்ற பெயரில் பெங்களூருவில் வந்து இறங்குகிறவள் நீலி. பல நூறு வருஷமாகச் சாகாமல் இருப்பவள். ராத்திரியில் ஒரு கஃபேயில் வேலை பார்க்கிறாள். ரத்தம்தான் அவளுக்கு ஆகாரம். எதிர் வீட்டில் இருக்கிற சன்னியும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் வேலைவெட்டி இல்லாமல் பொழுது போக்கும் பையன்கள். நஸ்லென் அந்தச் சன்னியாக நடித்திருப்பதைப் பாருங்கள். அவன் அவளைக் காப்பாற்றப் புறப்படுவதில்லை. பயப்படுகிறான், வியக்கிறான், பிறகு கூட நிற்கிறான். நாயகியின் படத்தில் ஆண் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு நான் பார்த்த நல்ல விடை இது. டொவினோ தாமஸ் சாத்தனாக வருகிறார். விளையாட்டுப் பிள்ளை மாதிரி வந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறார். துல்கர் ஒடியன். இவர்களுக்கெல்லாம் மேலே மூத்தோன் என்று ஒருவர். முகம் தெரியாது, மம்மூட்டியின் குரல் மட்டும் கேட்கும். எல்லாருமே கேரளத்துப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த கதைகளில் இருந்தவர்கள். சாத்தன் எப்படிக் குறும்பு செய்வான், ஒடியன் எப்படி மிருகமாக உருமாறுவான் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ‘அவெஞ்சர்ஸ்’ ஐந்து படம் எடுத்துச் செய்த அறிமுகத்தை அங்கே பாட்டிமார்கள் முன்னாலேயே செய்து வைத்திருந்தார்கள். டொமினிக் அருணும், கூட எழுதிய சாந்தி பாலச்சந்திரனும் அந்த மூலதனத்தைக் கையில் எடுத்தார்கள்.

அக்டோபர் கடைசியில் ஜியோஹாட்ஸ்டாரில் தமிழ்க் குரலோடு படம் வந்தபோது பெரியம்மா ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தேன். சூப்பர்ஹீரோ என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. நீலியின் பழைய கதை வந்தது. காட்டுச் சனத்தைச் சேர்ந்த சிறுமி. கோயிலுக்குள் காலை வைத்துவிட்டாள் என்பதற்காக ராஜாவின் ஆட்கள் அவள் சனத்தையே அழிக்க வருகிறார்கள். பெரியம்மா பாக்கு இடிக்கிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “கோயிலுக்குள்ள போனதுக்காடா இந்தப் பாடு படுத்துறானுவ?” அடுத்து, ஒரு குகைக்குள் போயிருந்த அந்தச் சிறுமி வெளியே வந்து ராஜாவின் ஆட்களை நொறுக்கியபோது, “அவ்வளவுதான், அவ சாமியாயிட்டா” என்றார். ஆச்சரியமே இல்லாமல், நடக்க வேண்டியது நடந்தது என்பதுபோலச் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். அநியாயமாகச் செத்தவர் சாமியாவார், சாமியானவர் ஊரைக் காப்பார். நம் கிராமங்களில் எத்தனையோ தலைமுறையாக நடந்துவரும் கணக்கு இது. வேற்றுக் கிரகமும் வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம். பெரியம்மாவுக்கு அந்தப் படத்தில் விளங்காமல் போனது எதுவுமே இல்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘லோகா’வின் நீலிக்கு மூலமான, கேரளம் கொண்டாடுகிற கள்ளியங்காட்டு நீலியின் கள்ளியங்காடு எங்கே இருக்கிறது? நாகர்கோவில் பக்கத்தில். 1956 நவம்பர் 1 முதல் அது தமிழ்நாடு. கொட்டாரத்தில் சங்குண்ணி ‘ஐதிஹ்யமாலை’யில் பழங்கதைகளைத் திரட்டி வைத்ததால் மலையாளிகள் அவற்றைக் கை நழுவ விடவில்லை. அவள் கதை நம்மிடமும் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போனால் அவளை இசக்கியாகக் கும்பிடுகிறார்கள். வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர் நீலி. தன்னைக் கொன்றவனைத் தேடிவந்த நீலி, கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவன் என் புருஷன், இது இவன் பிள்ளை’ என்று ஊர்ச் சபையில் வழக்கு வைக்கிறாள். அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள், அவன் செத்தபின் தீயில் இறங்கினார்கள் என்பது அந்த ஊர்க் கதை. பழிவாங்க வந்தவள் கத்தியோடு வரவில்லை. ஊர்ச் சட்டத்தையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு வருகிறாள். இப்படி ஒரு காட்சியை எழுத எந்தத் திரைக்கதை வகுப்பு சொல்லித் தரும்? நாட்டார் தெய்வங்களைத் தேடித் தேடி எழுதிய அ.கா. பெருமாளின் ‘சுண்ணாம்பு கேட்ட இசக்கி’யை உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? படிக்காதவர்கள் இந்த மாதம் படித்துவிடுங்கள்.

நம் ஆட்கள் முயற்சி செய்யாமல் இல்லை. 1956இல் ‘மதுரை வீரன்’ வந்தது. கண்ணதாசன் எழுத்து, எம்.ஜி.ஆர். நாயகன், பானுமதி பொம்மி, பத்மினி வெள்ளையம்மாள். ஊர் ஊராகக் கும்பிடும் சாமியைத் திரையில் நிறுத்தி, மாறுகால் மாறுகை வாங்கும் தண்டனையை ஒளிக்காமல் காட்டிய படம். அது ஓடிய ஓட்டத்தை எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் கதையாகச் சொல்வார்கள். பிறகு அந்த வழி அம்மன் படங்களாகச் சுருங்கிப் போயிற்று. முகமூடி போட்ட நாயகர்கள் தனியாக வந்தார்கள். 2012இல் மிஷ்கினின் ‘முகமூடி’ குங்ஃபூவைக் கொண்டுவந்தது, மண்ணைக் கொண்டுவரவில்லை. 2023இல் வந்த ‘வீரன்’ ரொம்பக் கிட்டத்தில் வந்தது. ஹிப்ஹாப் ஆதி ஊர்க்காவல் தெய்வத்தின் வேஷத்தில் வந்து ஊரைக் காப்பாற்றுவார். ஆனால் சக்தி மின்னல் தாக்கியதால் வந்தது, சாமி வேஷம் மட்டும்தான். அந்த வீரன் யார், எதற்காகச் செத்தார் என்பதில் படம் தங்கியிருந்தால் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். அதே வருஷம் மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ வந்தது. சக்தி மேலே இருந்து கேட்கிற ஒரு குரல், நாயகன் பயந்தாங்கொள்ளி, இருப்பது இடிந்து விழக் காத்திருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு. இந்த வரிசையில் அதுதான் சிறந்த படம் என்பேன். காரணம், அந்தக் குடியிருப்பு நிஜமானது.

‘கந்தசாமி’யைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். 2009இல் சுசி கணேசன் எடுத்தது. திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் சனங்கள் குறையை எழுதிக் கட்டுவார்கள். அந்தச் சீட்டுகளை எடுத்துப் படித்து விக்ரமும் அவர் நண்பர்களும் நிறைவேற்றுவார்கள். எவ்வளவு அழகான தொடக்கம்! ஆனால் படம் அதைத் தாண்டி மெக்சிகோ வரைக்கும் போய்விட்டது. சீட்டு எழுதிய கைகள் மறந்து போயின.

அந்தக் கைகளைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் பக்கம் வாருங்கள். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். முருகன்தான், ஆனால் மயிலும் வேலும் பிடித்த உருவம் இல்லை. பலிபீடம்போல ஒரு கல். அங்கே பிராது கட்டுவது வழக்கம். கோர்ட்டில் மனுக் கொடுப்பது மாதிரியே வெள்ளைத் தாளில் எழுதுவார்கள். இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர், என் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டான், நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான், புருஷன் வீட்டுக்கு வருவதில்லை, மாட்டைத் திருடிவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கவும் ஆள் உண்டு. தாளைச் சாமி முன்னால் வைத்துப் பூசை செய்து, திருநீறு போட்டு, பொட்டலமாகச் சுருட்டி நூலால் கட்டுவார்கள். அதைக் கொண்டுபோய் முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்ட வேண்டும். ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுப் படிக்காசும் கட்ட வேண்டும். சாமி போய் விசாரித்து வர வேண்டுமே! குறை தீர்ந்ததும் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாங்காமல் விடக்கூடாது.

அந்த வேலின் கிட்டப்போய் நின்று பாருங்கள். மஞ்சளும் திருநீறும் ஏறி, பொட்டலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும். கசங்கிய தாளின் ஓரத்தில் சில இடத்தில் பால்பாயிண்ட் பேனா எழுத்துக்கூடத் தெரியும். ஒவ்வொன்றும் போலீஸ் ஸ்டேஷனிலும் தாலுகா ஆபீஸிலும் பஞ்சாயத்திலும் ஏறி இறங்கி, எங்கேயும் நியாயம் கிடைக்காமல் கடைசியாக வந்து சேர்ந்த ஒரு வழக்கு. முருகன் மனுவை வாங்குகிறார். முனியப்பர் புறப்பட்டுப் போகிறார். ஒருவர் நீதிபதி, ஒருவர் அமீனா. எல்லை உண்டு, தூரம் உண்டு, கட்டணம் உண்டு, முடித்து வைக்கும் முறை உண்டு. சக்திக்கு விதி வேண்டும் என்று திரைக்கதைப் புத்தகங்களில் படிக்கிறீர்களே, அந்த விதிகளை எங்கள் சனங்கள் எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள்.

கூட்டணிக்கும் வேறெங்கும் தேடிப்போக வேண்டாம். எந்த ஊர் எல்லையிலாவது அய்யனார் தனியாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? பூரணை, புஷ்கலை இருப்பார்கள். வீரனார், முனியப்பர், கருப்பு, ஏழு கன்னிமார் சூழ இருப்பார்கள். ஒருவருக்குச் சைவப் படையல், ஒருவருக்குக் கிடா. ஒருவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார், ஒருவர் ராத்திரியில் குதிரையேறி ஊர் சுற்றுவார். ஒருவர் சந்நிதியில் பலி விழும்போது அடுத்தவருக்குத் திரை போட்டு மறைப்பார்கள். இத்தனை வேற்றுமையை வைத்துக்கொண்டு ஒரே வேலியை அவர்கள் காப்பதில் எத்தனை மோதல், எத்தனை சமரசம் இருக்கும் என்று யோசியுங்கள். அதுவே ஒரு படம்.

தென்னாற்காட்டுப் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தை விடிய விடியப் பாருங்கள். வியாசர் பாரதத்தில் இல்லாத இரண்டு பேர் அம்மனுக்குக் காவலாக நிற்கிறார்கள். ஒருவர் போத்துராஜா. பாண்டவர்களுக்கு எதிரியாக இருந்து, கிருஷ்ணன் போட்ட வேஷத்தில் ஏமாந்து, பிறகு அம்மனின் காவலராக ஆனவர். இன்னொருவர் முத்தால் ராவுத்தர், இஸ்லாமியர். திரௌபதி கோயிலில் இஸ்லாமியக் காவல் தெய்வம்! இன்றைக்கு யாராவது எழுதினால் வலிந்து சேர்த்ததாகச் சொல்வார்கள். எங்கள் சனங்கள் ஒரு விளக்கமும் கேட்காமல் தலைமுறை தலைமுறையாகப் படையல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரவானையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாண்டவர் ஜெயிக்கத் தன்னைப் பலி கொடுத்தவன். சித்திரையில் கூவாகத்தில் திருநங்கைகள் அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிறார்கள். கூட்டணி ஜெயித்த கதையை எல்லாரும் எழுதுவார்கள். அந்த ஜெயத்துக்காகப் பலியானவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத நம் மண்ணில்தான் இடம் இருக்கிறது.

எங்கள் ஊரையும் சொல்லாமல் விட மனமில்லை. பிரளயகாலேஸ்வரர் கோயிலுக்கு வந்தால் தூங்குகிற யானையின் முதுகு போன்ற விமானத்தைப் பார்ப்பீர்கள். அது இருக்கட்டும். நந்தியைப் பாருங்கள். எல்லாச் சிவன் கோயிலிலும் நந்தி சுவாமியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறார். பிரளய வெள்ளம் வந்தபோது அதைத் தடுக்கத் திரும்பியவர், திரும்பியபடியே இருக்கிறார் என்பது தல புராணம். வெள்ளாற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்கு வெள்ளம் என்றால் என்னவென்று தெரியும். சாமியையே பார்த்துக்கொண்டிருப்பதைவிட சனங்களுக்கு வருகிற ஆபத்தைப் பார்த்து நிற்பது பெரிது என்று ஒரு கல்லை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். இதைவிட நல்ல நாயக அறிமுகம் எந்தப் படத்தில் இருக்கிறது?

இனி, ‘லோகா’வில் சரியில்லாததையும் சொல்ல வேண்டும். உடல் உறுப்புக் கடத்தல் கும்பல் என்ற வில்லத்தனம் நாம் பல படத்தில் பார்த்துப் பழகியது. நீலியின் பழைய கதையில் இருந்த நெருப்பு பெங்களூருவில் நடக்கும் கதையில் முழுதாக இல்லை. அடுத்த படத்துக்கான முன்னோட்டங்கள் இரண்டாம் பாதியில் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. பெங்களூருப் பெண்களைப் பற்றிய ஒரு வசனம் கன்னட மக்களைப் புண்படுத்தி, தயாரிப்பு நிறுவனம் வருத்தம் தெரிவித்து அதை நீக்க வேண்டி வந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. தன் ஊர்ப் பாட்டி கதைக்கு மரியாதை கொடுத்தவர்கள் அடுத்த ஊர்ப் பெண்களுக்கும் அதைக் கொடுத்திருக்க வேண்டும். வில்லனாக வரும் போலீஸ்காரர் நாச்சியப்ப கௌடாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் சாண்டி மாஸ்டர் அந்த வேஷத்தில் காட்டியிருக்கும் வெறுப்பு, பெண்களை அதட்டிப் பழகிய ஆட்களிடம் தினமும் நாம் பார்க்கிற வெறுப்பு. அவரைப் பெரும்பாலும் நடனக்காரராகவே வைத்திருந்தது நம் தவறு.

நம் சாமிகளை எழுதப் போகும்போது உங்களுக்கு ஒரு பெரிய சோதனை வரும். இந்தச் சாமிகளில் பலர் சாதியை மீறியதற்காகக் கொல்லப்பட்டவர்கள். மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் என்று கதைப்பாடல்களைப் புரட்டினால் காதலும் கொலையும் சாதியும் பின்னிக் கிடக்கும். செத்தவனுக்குப் பயந்து, பிறகு அவனையே கும்பிட்டவர்கள், கதையில் ஒரு முன்கதையையும் சேர்த்துக்கொண்டார்கள்: அவன் தாழ்ந்த சாதியில் பிறந்தவன் இல்லை, ராஜா வீட்டுப் பிள்ளை, கைவிடப்பட்டு அங்கே வளர்ந்தான் என்று. மதுரை வீரனுக்குக் காசி ராஜா அப்பாவானது அப்படித்தான். அது பிற்காலத்தில் ஒட்டவைத்தது என்று ஆய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களைத் தேடிப் படியுங்கள். தயாரிப்பாளரோ நடிகரோ ‘எதுக்குத் தம்பி வம்பு, ராஜா பையன்னே வெச்சிக்கலாம்’ என்பார். நீங்கள் அங்கே விட்டுக்கொடுத்தால் அந்த மனிதரை இன்னொரு தடவை கொல்கிறீர்கள். ‘லோகா’ நீலியைக் கோயிலுக்குள் விடாத ராஜாவை ராஜாவாகவே காட்டியது. படம் ஓடாமல் போகவில்லை.

அடுத்த சோதனை இதற்கு நேர்மாறானது. எங்கள் குலசாமி, எங்கள் சாதியின் வீரம் என்று மார்தட்டுகிற படமாக இதை மாற்றச் சொல்வார்கள். முனியப்பர் வேலில் கட்டியிருக்கும் பொட்டலங்களில் எந்தச் சாதிக்காரர் பிராது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. எழுத உட்காரும்போது அந்த வேலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு காரியம். கதை கேட்க வரும்போது பூசாரிகளையும் உடுக்கைப் பாட்டுக்காரர்களையும் கூத்து வாத்தியார்களையும் ஒரு டீயோடு முடித்து அனுப்பாதீர்கள். கட்டியங்காரன் வேஷம் கட்டி முப்பது நாற்பது வருஷம் ஆடியவருக்கு எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் எழும், எந்த இடத்தில் சனங்கள் சிரிப்பார்கள், எப்போது கை கூப்புவார்கள் என்பது அத்துப்படி. அவரைக் கதை விவாதத்தில் உட்கார வையுங்கள். சம்பளம் பேசுங்கள். டைட்டில் கார்டில் அவர் பெயரைத் தனியாகப் போடுங்கள். நன்றி பட்டியலில் ஊர்ப்பெயர்களுக்கு நடுவில் சின்ன எழுத்தில் புதைக்காதீர்கள். உங்கள் பெயரே இன்னும் திரையில் வராத நிலையில் இதைக் கேட்பது அதிகம் என்று தோன்றலாம். பெயர் வராத வலி தெரிந்தவர்கள் நீங்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஆடியிலோ பங்குனியிலோ புறப்பட்டு வாருங்கள், தம்பிகளே, தங்கச்சிகளே. மணவாளநல்லூருக்கு நானே கூட்டிப்போகிறேன். பிராது எழுதிக்கொண்டிருக்கும் ஒரு அம்மா பக்கத்தில் அவர் அனுமதியோடு உட்கார்ந்து, முழுதும் கேளுங்கள். பிறகு கூத்து நடக்கும் ஊருக்குப் போகலாம். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. நோட்டுப் புத்தகம் மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பெண்ணாடத்திலிருந்து
உங்கள் அண்ணன்